விண்டோஸோ மேக்கோ லினக்ஸோ: புதுக் கணினியில் எதையெல்லாம் போடலாம்?

ஒரே வீட்டில் இரண்டு மூன்று வகைக் கணினிகள் இருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. கூடத்தில் இருக்கும் பழைய மேசைக் கணினியில் விண்டோஸ் 10, வேலைக்குப் போகும் மகளிடம் அலுவலகம் கொடுத்த மேக்புக், கல்லூரியில் படிக்கும் பையனின் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ். ஆனால் மூவருக்கும் வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். கடிதம் எழுத வேண்டும், படம் பார்க்க வேண்டும், பிடிஎஃப்பை ஒட்டவோ வெட்டவோ வேண்டும், கடவுச்சொற்களை எங்காவது பத்திரமாக வைக்க வேண்டும்.

எந்த மென்பொருளை எடுத்தாலும் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். இது மூன்று இயங்குதளங்களிலும் ஓடுமா? இதில் சேமித்த கோப்பை நாளைக்கு வேறொரு மென்பொருளில் திறக்க முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். அழகு, அனிமேஷன் எல்லாம் அப்புறம். இந்தக் கட்டுரையில் வருபவை பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள்கள், அதாவது யாரும் பயன்படுத்தவும் நிரலைப் பார்த்து மாற்றவும் உரிமை உள்ளவை. காசு கொடுக்க வேண்டாம் என்பது நல்ல விஷயம்தான். அதைவிட முக்கியம், கணினியை மாற்றும் நாளில் உங்கள் கோப்புகள் பழைய பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளாது என்பது.

இறக்குவதற்கு முன்னால்

முதலில் உங்கள் கணினி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் விண்டோஸின் பதிப்பும், செயலி 64 பிட்டா, ஆர்ம் வகையா என்பதும் இருக்கும். மேக்கில் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தைச் சொடுக்கி 'அபவுட் திஸ் மேக்' பாருங்கள். 'சிப்' என்ற இடத்தில் எம்1, எம்2 என்று ஏதாவது இருந்தால் ஆப்பிள் சிலிக்கான். இன்டெல் என்று இருந்தால் பழைய வகை. 2020 நவம்பரில்தான் ஆப்பிள் தன் சொந்தச் சிப் போட்ட மேக்குகளைக் கொண்டுவந்தது. அதனால் பல தளங்களில் மேக்குக்கு இரண்டு பொத்தான்கள் இருக்கும். தப்பானதை எடுத்தால் ஓடாமல் போகலாம், அல்லது மெதுவாக ஓடும்.

அடுத்தது, எங்கிருந்து இறக்குவது. புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கூகுளில் பெயரைத் தட்டினால் மேலே முதலில் வருவது பல நேரம் விளம்பரம். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் படம் திருத்தும் கிம்ப், திரையைப் பதிவுசெய்யும் ஓபிஎஸ் போன்ற பிரபல மென்பொருள்களின் பெயரில் போலி விளம்பரம் போட்டு, கடவுச்சொல் திருடும் நிரல்களைப் பரப்பினார்கள். தளம் அசல் போலவே இருந்தது. முகவரிதான் கொஞ்சம் மாறியிருந்தது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அந்த மென்பொருளின் விக்கிப்பீடியா பக்கத்தைத் திறந்து, வலப்பக்கப் பெட்டியில் இருக்கும் அதிகாரபூர்வ முகவரி வழியாகப் போங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், மேக் ஆப் ஸ்டோர் ஆகியவற்றில் இருந்தால் அங்கிருந்தும் எடுக்கலாம். ஆனால் ஒன்று: கடிதமும் கணக்கும் எழுத உதவும் லிப்ரே ஆபீஸுக்கு மேக் ஆப் ஸ்டோரில் விலை போட்டிருப்பார்கள். அது ஏமாற்று வேலை இல்லை. அதை உருவாக்கும் அமைப்பே அங்கே விற்கிறது. அதே மென்பொருள் அவர்களின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

நிறுவும் விதம் மூன்றிலும் வேறு. விண்டோஸில் இறக்கிய கோப்பை இரட்டைச் சொடுக்கினால் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று போகும். அந்த வேகத்தில் 'கஸ்டம்' என்ற வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். கூடவே தொற்றிக்கொண்டு வரும் தேவையில்லாத சாமான்களுக்கு அங்கேதான் டிக் போட்டிருக்கும். மேக்கில் டிஎம்ஜி கோப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னத்தை அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கு இழுத்துவிட வேண்டும். பலர் இழுக்காமல் அந்த டிஎம்ஜிக்குள்ளிருந்தே தினமும் ஓட்டுவார்கள், பிறகு "மறுபடி ஆன் செய்தால் காணோம்" என்பார்கள். 'யார் செய்தது என்று தெரியவில்லை' என்று மேக் தடுத்தால், சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குப் போனால் கீழே 'ஓப்பன் எனிவே' இருக்கும். அசல் தளத்திலிருந்து இறக்கியது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதை அழுத்துங்கள். லினக்ஸில் இந்தத் தொல்லையே பெரும்பாலும் இல்லை. 'சாஃப்ட்வேர்' அல்லது 'சாஃப்ட்வேர் மேனேஜர்' என்ற செயலியைத் திறந்து தேடினால் போதும், புதுப்பித்தலும் அதன் வழியாகவே நடந்துவிடும்.

தமிழில் தட்டச்சு: தனி மென்பொருள் வேண்டாம்

இன்னமும் பலர் தமிழ் அடிக்க ஏதாவது இறக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். தேவையில்லை. மூன்று இயங்குதளங்களிலும் தமிழ் விசைப்பலகை ஏற்கனவே உள்ளே இருக்கிறது, அல்லது ஒரு சிறு பொதியைச் சேர்த்தால் வந்துவிடும்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜன் என்று போய்த் தமிழைச் சேருங்கள். சேர்த்ததும் சில கணினிகளில் தானாக வருவது, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இன்ஸ்கிரிப்ட் என்ற அமைப்பு. அதைப் பார்த்துத்தான் "எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். தமிழுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியை அழுத்தி, லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் போய், 'ஆட் எ கீபோர்டு' கொடுத்தால் தமிழ் 99, ஆங்கில ஒலிப்படி (ammaa என்று) தட்டும் தமிழ் அஞ்சல் இரண்டும் பட்டியலில் இருக்கும். வேண்டியதைச் சேர்த்துவிட்டு இன்ஸ்கிரிப்டை நீக்கிவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பார்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ். அங்கே கூட்டல் குறியை அழுத்தித் தமிழைத் தேர்ந்தால் அஞ்சல், தமிழ் 99 இரண்டும் வரும். முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன் புண்ணியத்தில், மேக்கில் தமிழுக்கு நெடுநாளாகவே நல்ல வசதி உண்டு. மொழி மாற்றக் கன்ட்ரோலும் ஸ்பேஸும், அல்லது பூகோளப் படம் போட்ட விசை.

உபுண்டுவில் சாஃப்ட்வேர் பகுதியிலோ, சினாப்டிக் என்ற நிறுவும் செயலியிலோ 'ஐபஸ் எம்17என்' (ibus-m17n) என்ற பொதியைத் தேடி நிறுவிவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். அப்புறம் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸில் தமிழ் 99 கிடைக்கும். வெளியேறி நுழையாவிட்டால் பட்டியலில் வராது. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

சரி, எதைப் பழகுவது? ஆங்கிலத்தில் தட்டிப் பழகிய கைக்கு அஞ்சல் முதல் நாளே வந்துவிடும். இருந்தாலும் நிறைய எழுதப் போகிறவர்களுக்கு நான் தமிழ் 99ஐத்தான் சொல்வேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், அதிகம் வரும் மெய்கள் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். 'தங்கம்' என்று அடிக்கும்போது ங-வுக்குப் பின் க-வைத் தட்டினாலே ங்-இல் புள்ளி வந்துவிடும். கடைசி ம்-க்கு மட்டும் புள்ளி விசையைத் தட்ட வேண்டும், அது ஆங்கில எஃப் இருக்கும் இடம். தினம் அரை மணி நேரம் விடாமல் தட்டினால் கை தானாகப் பழகிவிடும்.

பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகளைப் புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து ஏதோ தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். அவை யுனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியாக்கத்துக்கு முந்தைய முறையில் இருக்கின்றன, அவ்வளவுதான். 'எழுத்துரு மாற்றி' என்று தேடினால் உலாவியிலேயே வேலை செய்யும் கருவிகள் கிடைக்கும். பழைய எழுத்துருவின் பெயரைத் தேர்ந்து, உரையை ஒட்டி, யுனிகோடாக எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் தமிழக அரசே யுனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி எழுதுவதையாவது யுனிகோடில் எழுதுங்கள். தேடலாம், அலைபேசியில் படிக்கலாம், மேக்கிலும் லினக்ஸிலும் அப்படியே தெரியும்.

லிப்ரே ஆபீஸ்

கடிதம், கணக்கு அட்டவணை, விளக்கக்காட்சி மூன்றுக்கும் இது ஒன்றே போதும். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. எழுத ரைட்டர், கணக்குக்குக் கால்க், ஸ்லைடுக்கு இம்ப்ரெஸ்.

தமிழில் எழுதுகிறவர்கள் நிறுவியவுடன் ஒரு வேலை செய்ய வேண்டும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், லாங்வேஜஸ் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதற்கு டிக் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஏனென்றால் லிப்ரே ஆபீஸில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு ஓர் எழுத்துரு என்று இரண்டு தனி அமைப்புகள் இருக்கின்றன. "அளவை 14 என்று வைத்தும் தமிழ் மட்டும் சின்னதாகவே நிற்கிறது" என்று புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். டிக் போட்ட பிறகு எழுத்துருப் பெட்டியில் தமிழுக்கான பகுதி தனியாகத் தெரியும், அங்கே மாற்றினால் மாறும்.

எழுத்துருப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் லதா, நிர்மலா. மேக்கில் தமிழ் சங்கம், இணைமதி. லினக்ஸில் லோகித். ஒன்றில் உள்ளது இன்னொன்றில் இருக்காது. விண்டோஸில் லதாவில் அழகாக நான்கு பக்கத்துக்கு அடித்த கடிதம் மேக்கில் திறக்கும்போது ஐந்து பக்கமாகி, கையெழுத்து இடம் மட்டும் தனியாகக் கடைசிப் பக்கத்தில் போய் நிற்கும். இதற்கு மருந்து, எல்லாக் கணினியிலும் ஒரே எழுத்துருவைப் போட்டுக்கொள்வது. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் இலவசம், மூன்றிலும் நிறுவலாம். படிக்க மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் கருவிப்பட்டையில் இருக்கும் பிடிஎஃப் பொத்தானை ஓர் அழுத்து அழுத்தி அனுப்புங்கள், பக்கம் இம்மி நகராது.

ரைட்டர் தானாகச் சேமிப்பது ஓடிடி என்ற திறந்த வடிவத்தில். அது 2006லேயே ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டு அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. உங்கள் சொந்தக் கோப்புகளை அதிலேயே வையுங்கள். எதிர்ப்பக்கம் வேர்டில் திருத்த வேண்டும் என்றால் மட்டும் 'சேவ் ஆஸ்' கொடுத்து டாக்எக்ஸாக ஒரு நகல் எடுத்து அனுப்பலாம். அட்டவணையும் படமும் நிறைய உள்ள வேர்டு கோப்பு இங்கே கொஞ்சம் கலைந்துதான் திறக்கும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரணக் கடிதம், விண்ணப்பம், கணக்குக்குப் பிரச்சினை இல்லை.

கால்க்குக்கு ஒரு தனிப் பாராட்டு உண்டு. தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் பல நேரம் தமிழ் எல்லாம் குப்பையாகத் தெரியும். கால்க் திறப்பதற்கு முன் எந்தக் குறியாக்கம் என்று கேட்கும். யூடிஎஃப் 8 (யுனிகோடைச் சேமிக்கும் முறை) என்று கொடுங்கள், சரியாக வந்துவிடும். சங்கத்து உறுப்பினர் பட்டியல், பள்ளி வருகைப் பதிவு என்று கையாள்கிறவர்களுக்கு இது ஒன்றுக்காகவே லிப்ரே ஆபீஸ் வேண்டும்.

படம் பார்க்க, பாட்டுக் கேட்க: விஎல்சி

1996இல் பிரான்சில் எகோல் சென்ட்ரால் பாரிஸ் மாணவர்கள் கல்லூரி வலையமைப்பில் வீடியோ பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை, இன்று எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஓட்டும் விஎல்சியாக நிற்கிறது. விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை.

இந்தியாவில் 2022 பிப்ரவரி முதல் நவம்பர் வரை விஎல்சியின் தளமே திறக்கவில்லை. அரசுத் தடை. ஏற்கனவே நிறுவியிருந்தவர்களுக்கு மென்பொருள் ஓடியது, புதிதாக இறக்கத்தான் வழியில்லை. அந்த மாதிரி நேரத்தில் யார் யாரோ வைத்திருக்கும் தளத்திலிருந்து எடுக்கத்தான் கை போகும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், லினக்ஸ் களஞ்சியம் போன்ற இரண்டாவது அதிகாரபூர்வ வழி எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துவைப்பது அதனால்தான்.

வசன வரிகள் முன்னே பின்னே ஓடினால், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஜி விசை வரியை முன்னுக்கு இழுக்கும், எச் விசை பின்னுக்குத் தள்ளும். தமிழ் வசன வரி கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பிரிஃபரன்சஸில் சப்டைட்டில்ஸ் பகுதிக்குப் போய்க் குறியாக்கத்தை யூடிஎஃப் 8 ஆக்கி, எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழைத் தேர்ந்துவிடுங்கள்.

உலாவியும் கடவுச்சொல்லும்

ஃபயர்ஃபாக்ஸ் போடுங்கள், அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை (உலாவியோடு சேரும் துணை நிரலை) சேருங்கள். குரோமில் நீட்சி விதிகள் மாறியதால் அதன் முழு வடிவம் இப்போது அங்கே ஓடுவதில்லை, 'லைட்' என்ற சுருங்கிய வடிவம்தான். விளம்பரத் தடுப்பான் என்பது கண்ணுக்கு இதமாக இருப்பதற்காக மட்டும் இல்லை. மேலே சொன்ன போலித் தளங்களும், போலி 'டவுன்லோடு' பொத்தான்களும் பல நேரம் விளம்பரமாகத்தான் வருகின்றன. வயதானவர்களின் கணினியில் வைரஸ் தடுப்பானைவிட முதலில் இதைத்தான் நான் போடுவேன். பெயரை முழுதாகப் பார்த்துச் சேருங்கள், கிட்டத்தட்ட இதே பெயரில் வேறு நீட்சிகளும் இருக்கின்றன.

கடவுச்சொல்லுக்கு இரண்டு வழி. கீபாஸ்எக்ஸ்சி என்பது எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பூட்டிய கோப்பில் வைக்கும். இணையத்துக்கு எதுவும் போகாது. அந்தக் கோப்பைப் பென்டிரைவிலோ நம்பகமான மேகச் சேமிப்பிலோ வைத்தால் மூன்று கணினிகளிலும் திறக்கலாம். ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாஸியம் ஆகிய செயலிகள் அதே கோப்பைப் படிக்கும். கோப்பைத் தூக்கிச் சுமப்பதெல்லாம் நமக்குச் சரிவராது என்றால் பிட்வார்டன். இலவசத் திட்டத்திலேயே எத்தனை கருவி வேண்டுமானாலும் இணைக்கலாம், தானே ஒத்திசைந்துகொள்ளும்.

எதை எடுத்தாலும் முதன்மைக் கடவுச்சொல் ஒன்று வேண்டும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்து, ஒரு காகிதத்தில் எழுதிப் பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். காகிதத்தில் எழுதக் கூடாது என்று சொல்வார்கள். அது அலுவலக மேசைக்குச் சரி. வீட்டுப் பீரோவை ரஷ்யாவிலிருந்து யாரும் திறக்க முடியாது. மறந்துபோனால் இந்த இரண்டிலும் யாராலும் மீட்டுத் தர முடியாது என்பதுதான் பெரிய ஆபத்து.

பிடிஎஃப், புகைப்படம், விண்ணப்பத் தொல்லைகள்

நம் ஊரில் கணினியின் பாதி வேலை இணைய விண்ணப்பம்தான். மூன்று சான்றிதழை ஒரே பிடிஎஃப்பாக்கு, புகைப்படத்தை இத்தனை கேபிக்குள் கொடு, கையெழுத்தைத் தனியாகக் கொடு. உடனே எல்லோரும் செய்வது, ஏதோ ஓர் இலவசத் தளத்தில் ஆதார், பான், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஏற்றுவது. அந்தத் தளம் யாருடையது, கோப்பை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று எதுவும் தெரியாது. இதையெல்லாம் கணினியிலேயே செய்யலாம்.

சேர்க்க, பிரிக்க, திருப்பப் பிடிஎஃப்சாம் பேசிக். மூன்றிலும் ஓடும். நிறுவும்போது கட்டணப் பதிப்பையும் சேர்த்துப் போடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிடிஎஃப் படிவத்தில் பெயர் எழுதவும் கையெழுத்துப் படத்தை ஒட்டவும் ஃபயர்ஃபாக்ஸே போதும். பிடிஎஃப்பை அதில் திறந்தால் மேலே எழுத்துக்கும் படத்துக்கும் பொத்தான் இருக்கும். மேக் வைத்திருப்பவர்களுக்கு எதுவுமே வேண்டாம். உள்ளேயே வரும் பிரிவியூ சேர்க்கும், பிரிக்கும், கையெழுத்தும் போடும். மூன்றிலும் ஓட வேண்டும் என்ற என் விதிக்கு இது ஒன்று விலக்கு. கையில் இருக்கும் நல்ல கருவியை விதிக்காக ஒதுக்க வேண்டியதில்லை.

புகைப்படத்துக்குக் கிம்ப். திறந்தவுடன் கருவிகளைப் பார்த்து மிரள வேண்டாம், விண்ணப்பத்துக்கு வேண்டியது நான்கே படி. படத்தைத் திறந்து, கிராப் கருவியால் முகத்தைச் சுற்றி வெட்டுங்கள். இமேஜ், ஸ்கேல் இமேஜ் போய் அளவைக் கொடுங்கள். 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் என்று கேட்டால், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 413க்கு 531 பிக்சல். வெட்டும்போதே இந்த விகிதத்தில் வெட்டிவிட்டால் முகம் நசுங்காது. அப்புறம் ஃபைல், 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்துப் பெயருக்குப் பின்னால் ஜேபிஜி என்று போடுங்கள். 'சேவ்' கொடுத்தால் கிம்ப் தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும், எந்த அரசுத் தளமும் அதை ஏற்காது. கடைசியாக வரும் பெட்டியில் தரத்துக்கு ஒரு நகர்த்தி இருக்கும். முன்னோட்டத்துக்கு டிக் போட்டால், நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு எத்தனை கேபி என்று காட்டும். கேட்ட அளவுக்குள் வந்ததும் நிறுத்துங்கள்.

ஓவியம் வரைகிறவர்களுக்கு கிரிட்டா, சின்னமும் பேனரும் செய்ய இங்க்ஸ்கேப், ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, திரையைப் பதிவுசெய்து பாடம் எடுக்க ஓபிஎஸ் ஸ்டுடியோ, மின்னூல்களுக்கு காலிபர். எல்லாம் மூன்றிலும் ஓடும். தேவை வரும்போது போட்டுக்கொண்டால் போதும், முதல் நாளே எல்லாவற்றையும் அடுக்க வேண்டாம்.

கோப்பை இங்கிருந்து அங்கே

பென்டிரைவில் தொடங்குவோம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருந்தால் மேக் அதைப் படிக்கும், எழுதாது. பழைய ஃபேட் 32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது, பெரிய சினிமாக் கோப்பை நகலெடுக்க முடியாது. எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வைத்தால் மூன்றிலும் படிக்கலாம், எழுதலாம். விண்டோஸில் டிரைவை வலச் சொடுக்கி ஃபார்மட் கொடுக்கும்போது இதைத் தேர்ந்தால் சரி. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளுக்குள் அனுப்ப லோக்கல்செண்ட். கணினிகளிலும் ஓடும், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும். இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், கேபிள் வேண்டாம். அலைபேசியில் எடுத்த கல்யாண வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பித் தரத்தைக் குறைப்பதற்குப் பதில் இதில் அனுப்பினால் அப்படியே வரும். இரண்டு கருவியும் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்றால், விண்டோஸ் ஃபயர்வால் முதல் தடவை கேட்ட அனுமதியை மறுத்திருப்பீர்கள், அல்லது ஒன்று விருந்தினர் வைஃபையில் இருக்கும்.

காப்புநகல் பற்றி யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பொதுவிதி. அவ்வளவு முடியாவிட்டால் ஒரு வெளி வன்தட்டையாவது வாங்கி வையுங்கள். ஃப்ரீஃபைல்சிங்க் மூன்றிலும் ஓடும். இடப்பக்கம் கணினிக் கோப்புறை, வலப்பக்கம் வன்தட்டு. முறையைத் தேர்கிற இடத்தில் 'அப்டேட்' கொடுங்கள். 'மிரர்' கொடுத்தால் கணினியில் நீங்கள் கைதவறி அழித்த கோப்பு அங்கேயும் அழியும், புதியவர்களுக்கு அது வேண்டாம்.

போட வேண்டாதவை

ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர், ராம் பூஸ்டர் என்று வேகப்படுத்துவதாகச் சொல்லும் எதுவும் வேண்டாம். 2017இல் சிசிகிளீனரின் அதிகாரபூர்வப் பதிப்புக்குள்ளேயே தீநிரல் புகுந்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இறங்கியது. சுத்தம் செய்ய வந்ததே அழுக்கைக் கொண்டுவந்த கதை. விண்டோஸில் உள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும். இரண்டு வைரஸ் தடுப்பான்களை ஒன்றாகப் போட்டால் கணினி நத்தையாகிவிடும்.

'கிராக்' செய்த மென்பொருள் பற்றி நீதி சொல்லப் போவதில்லை. ஆனால் அதை நிறுவ முதலில் வைரஸ் தடுப்பானை அணைக்கச் சொல்வார்கள். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10 நின்றுபோன பழைய கணினி

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலி எல்லாம் பழைய கணினியில் இருக்காது. அதற்காகக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை. 4 ஜிபி ராம் இருந்தாலே லினக்ஸ் மின்ட் என்ற இலவச லினக்ஸ் வகை ஓடும்.

நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் இதில் வசதி. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மின்ட் தளத்திலிருந்து சின்னமன் என்ற பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளம் முழுதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, பலேனா எட்சர் என்ற கருவியால் பென்டிரைவில் எழுதுங்கள். அதுவும் மூன்றிலும் ஓடும். கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12ஐத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். சில கணினிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப். பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தால் மின்ட் திறக்கும். வன்தட்டில் எதையும் தொடாது.

அங்கே இருந்தபடியே வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பாருங்கள். லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் அதிலேயே இருக்கும். இதுவரை சொன்ன மென்பொருள்களை விண்டோஸிலேயே பழகியிருந்தால் இங்கே புதிதாகக் கற்க அதிகம் இல்லை. உங்கள் ஓடிடி கோப்பும் கீபாஸ் கோப்பும் அப்படியே திறக்கும்.

எல்லாம் சரி என்று 'இன்ஸ்டால்' அழுத்துவதற்கு முன், விண்டோஸில் மட்டுமே ஓடும் ஏதாவது உங்கள் பிழைப்போடு சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கடைக் கணக்கு டேலியில் இருந்தால் அது லினக்ஸுக்கு வராது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்கள், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் 'அலாங்சைடு விண்டோஸ்' என்ற வாய்ப்பைத் தேர்ந்து இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். வன்தட்டில் 50 ஜிபி காலி இடமும், அழுத்துவதற்கு முன் எடுத்து வைத்த காப்புநகலும் இருந்தால் போதும்.